உப்புப் போட்ட தண்ணீர்

பிப்ரவரி 12, திங்கள்

இன்றும் உப்பில்லாத சாம்பார். மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு, உப்பைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மாமாவுக்குத்தான் சொன்னார், குறைக்கத்தான் சொன்னார். அத்தை அதை வீட்டுக்கே சட்டமாக்கி, உப்பு ஜாடியைத் தூக்கித் தன் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டார். பொங்கல் முடிந்ததிலிருந்து இதுதான் கதை. என் வீட்டுக்காரர் இவருக்கும் கொழுந்தன் லிங்கதுரைக்கும் கவலையில்லை, வெளியே டீக்கடையில் பஜ்ஜி தின்று சரிக்கட்டிக்கொள்கிறார்கள். நான் எங்கே போக? தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த சுயம்புக்கனிக்கு, சங்கரன்கோவிலுக்கு வாழ்க்கைப்பட்டதில் வந்த கேடு இது.

இந்த டைரி இவருடைய பாத்திரக் கடைக்கு யாரோ கொடுத்தது. வாயைத் திறந்தால் எதிர்த்துப் பேசுகிறேன் என்கிறார்கள். எழுதினால் யாருக்கும் கேட்காது என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 14, புதன்

கொத்தமல்லித் தழை வாங்கப் போனேன். வழியில் ஆவுடையக்கா கடையில் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சோடு நாலு இட்லி, ஒரு வடை.

ஆவுடையக்காவுக்குத் தெருமுனையில் இட்லிக் கடை, கடைக்குப் பின்னால் கிணறு. நகராட்சித் தண்ணீர் வராத நாளில் தெருவே குடத்தோடு அங்கேதான் நிற்கும். கொஞ்சம் உவர்ப்பான தண்ணீர். குடிக்க வைப்பதைக் கொதிக்க வைத்துத்தான் வைப்பாள். நான் சட்னியை வழித்து நக்குவதைப் பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, ஒங்க வீட்டுல உப்புக்கு என்ன பஞ்சம் வந்துட்டு?" என்றாள். சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு காகிதத்தில் ஒரு பொட்டலம் மடித்துக் கையில் திணித்தாள்.

"தூத்துக்குடிக்காரிக்கு நான் உப்புப் பிச்சை போட வேண்டியிருக்கு. கொண்டு போ, மூதி."

காலியான கண்மை டப்பாவைக் கழுவி, அதில் போட்டு இடுப்பில் செருகியிருக்கிறேன். இரவு ரசத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தால்தான்.

பிப்ரவரி 17, சனி

லிங்கதுரை ஏஜென்சி எடுத்துவிட்டான். மதுரைக் கம்பெனி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மிஷின். இரண்டு வருடமாக வேலை தேடி அலைந்தவன், சட்டையை இன் பண்ணிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் டெஸ்ட் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் ஆவுடையக்கா கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் மிஷின் வடித்த தண்ணீர். மேலே ஒரு கறுப்பு மூடி. அதிலிருந்து டம்ளருக்கு இரண்டாக நாலு கம்பி கீழே இறங்குகிறது. ப்ளக்கைச் சொருகினான். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது, பழுப்பானது, பிறகு செதில் செதிலாக என்னவோ மிதந்தது. மிஷின் தண்ணீர் அப்படியே நின்றது.

"இதத்தான் நாம தினமும் குடிக்கோம்" என்றான் லிங்கதுரை, துக்க வீட்டுக் குரலில்.

"ஏ யப்பா! இந்தச் சாக்கடையையா இத்தன வருசமாக் குடிச்சோம்?" அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் பழுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒரு பொருள் சும்மா நிறம் மாறாது. எங்கிருந்தோ எதுவோ வந்தாக வேண்டும்.

மதியம் எல்லோரும் தூங்கியபின் அந்தக் கறுப்பு மூடியை அடுப்படிக்குக் கொண்டுவந்து கம்பிகளைத் துடைத்துப் பார்த்தேன். மிஷின் தண்ணீரில் நின்ற இரும்புக் கம்பி வாங்கினபடியே வழவழவென்று இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் நின்றது அரித்துப்போய்ச் சொரசொரத்தது. அப்போதே பாதி தெரிந்துவிட்டது.

நடப்பது இதுதான். கரண்ட் பாயும்போது கம்பியிலுள்ள இரும்பு அணு தன் எலக்ட்ரான்களில் இரண்டைக் கம்பி வழியே அனுப்பிவிட்டு, அயனியாகித் தண்ணீருக்குள் இறங்குகிறது. இறங்கியது தண்ணீரோடும் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோடும் கூடித் துருவாகிறது. மழையில் கிடக்கும் சைக்கிளுக்கு மாதக்கணக்கில் ஆவது, கரண்ட் இருந்தால் ஒரு நிமிடத்தில் ஆகிவிடுகிறது. அழுக்கு தண்ணீரில் இல்லை, அது அழுக்கே இல்லை. துரு, கம்பியிலிருந்து வருகிற துரு.

அப்படியானால் மற்ற டம்ளர் ஏன் கலங்கவில்லை? கரண்ட் தண்ணீரைக் கடக்க வேண்டுமானால் சுமந்து போக ஆள் வேண்டும். கரைந்திருக்கும் உப்புகள்தான் அந்த ஆள். சாப்பாட்டு உப்பையே எடுத்துக்கொள்வோம். சோடியம் தன்னிடமிருக்கும் எலக்ட்ரானில் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது நேர்மின், வாங்கிக்கொண்டது எதிர்மின். கட்டியாக இருக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டும், தண்ணீரில் விழுந்தால் பிரிந்து ஆளுக்கொரு கம்பியைப் பார்த்து நகரும். கரண்டும் கடந்துவிடும். மிஷின் தண்ணீரிலோ உப்பை வடித்து எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சாம்பார் மாதிரிதான் அதுவும். அதில் எதுவும் நடக்காது.

இடுப்பிலிருந்து டப்பாவை எடுத்தேன். மிஷின் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினேன். கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. கம்பியை இறக்கிவிட்டு ப்ளக்கைச் சொருகினேன். கண்ணெதிரே பழுப்பாகி, நேற்றுக் கிணற்றுத் தண்ணீர் கலங்கியதைவிடக் கேவலமாகக் கலங்கியது.

அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். எலக்ட்ரானுக்கு இருப்பது எதிர்மின் சுமை என்று காலேஜில் படித்தபோது அது வெறும் பெயர். இந்த வீட்டில் எனக்கும் அதே பெயர்தான் என்பதால் அதன்மேல் ஒரு பாசம் வருகிறது.

ஒன்றை மறக்காமல் எழுதி வைக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று இதனால் ஆகிவிடாது. கெட்டது என்றும் ஆகாது. அதில் கிருமி இருக்கிறதா என்று இந்தக் கம்பிக்குத் தெரியாது. அதை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 19, திங்கள்

லிங்கதுரையிடம் சொன்னேன். முழுக்கச் சொல்ல விடவில்லை.

"மயினி, மதுரையில ஏசி ஹால்ல உக்கார வச்சு மூணு நாள் ட்ரெயினிங் குடுத்திருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்?"

"உப்புப் போட்டுக் காட்டுதேன், பாரு."

"சுத்தமான தண்ணியில உப்பப் போட்டா சுத்தம் போயிரும்லா? கலங்கத்தான செய்யும்!"

உப்பு அழுக்காம். அத்தையின் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "படிச்சதப் படிச்ச எடத்துலயே விட்டுட்டு வந்திருக்கணும் நீ" என்றார். பிறகு பேப்பரை மறுபடி விரித்தார்.

பிப்ரவரி 22, வியாழன்

பால்காரர் சொல்லித்தான் தெரிந்தது. காலையில் ஆவுடையக்கா கடை வாசலில், சாப்பாட்டுக் கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்து லிங்கதுரை கம்பி மூடியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். அவள் கிணற்றிலிருந்தே ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து, அவள் கண்முன்னேயே பழுப்பாக்கிக் காட்டியிருக்கிறான். தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் பாதியில் எழுந்து போய்விட்டார்களாம். ஒருவர் வாசலிலேயே வாந்தி எடுத்தாராம்.

அதுகூடப் பரவாயில்லை. "எங்க மயினி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அவங்களே பாத்துட்டு இந்தத் தண்ணிய வீட்டுல நிப்பாட்டிட்டாங்க" என்றானாம்.

நான் பி.எஸ்சி. பொய் சொன்னாலும் தாராளமாகச் சொல்கிறான்.

இன்று கொத்தமல்லி வாங்கப் போகவில்லை. வீட்டிலேயே இருந்தது.

பிப்ரவரி 24, சனி

கொத்தமல்லி இல்லாமல் ரசம் வைத்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கக் கட்டடத்தில் பெரிய டெஸ்ட்டாம். மதுரையிலிருந்து கம்பெனி மேனேஜரே வருகிறார். லிங்கதுரை மூன்று தெருவுக்கும் சொல்லி வைத்திருக்கிறான். நான் மேடையேறி, கெமிஸ்ட்ரி படித்தவள் என்ற முறையில் இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். முடியாது என்றேன்.

கூடத்தில் பஞ்சாயத்து. லிங்கதுரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் நின்றான். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தைதான் ஆரம்பித்தார்.

"ஏட்டி, இந்த வீட்டு உப்பத் தின்னுட்டு இந்த வீட்டுப் பிள்ளைக்கே எதிரா நிக்கியா?"

"எந்த உப்பு, அத்தை?" என்றேன்.

மாமாவுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அத்தை என் பக்கமே திரும்பவில்லை. "பாத்தீங்களா, எதிர்த்துப் பேசுதா, பாத்தீங்களா" என்று சுவரிலிருந்த சாமி படத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 28, புதன்

ரேஷன் கடைக்குப் போகும்போது வேறு வழியில்லாமல் ஆவுடையக்கா கடையைத் தாண்ட வேண்டியதாயிற்று. காலை நேரம், பெஞ்சில் ஒருவரும் இல்லை. புளித்துப்போன மாவை வாளியில் கொண்டுவந்து மாட்டுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. திட்டவாவது செய்திருக்கலாம், திட்டவும் இல்லை.

திங்கட்கிழமை கடையைக் காலி செய்துவிட்டுக் கோவில்பட்டியில் மகள் வீட்டுக்குப் போகிறாளாம். ரேஷன் வரிசையில் பேசிக்கொண்டார்கள். மகளிடம் இருக்க முடியாது என்றுதான் பத்து வருடத்துக்கு முன் இங்கே வந்து கடை போட்டவள் அவள்.

கேட்டுக்கொண்டே நின்றேன். பக்கத்தில் நின்றவர், "நீங்கதான எம்.எஸ்சி. மயினி?" என்றார்.

பிப்ரவரி 29, வியாழன்

லிங்கதுரையைக் கூப்பிட்டு, பேசுகிறேன் என்றேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அத்தை பீரோவைத் திறந்து, தன் அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்தார். முந்தானை அகலமாக இருக்கிறது, இடுப்பில் எதைச் செருகினாலும் வெளியே தெரியாது.

மார்ச் 3, ஞாயிறு

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

சங்கக் கட்டடம் நிறைந்துவிட்டது. மேனேஜர் நல்ல உயரம், நல்ல பேச்சு. மூன்று தெருத் தண்ணீரையும் வரிசையாக வைத்துப் பழுப்பாக்கினார். ஒவ்வொன்றுக்கும் கூட்டம் "அய்யே" என்றது. கடைசியில் ஆவுடையக்கா கிணற்றுத் தண்ணீர். அக்கா கதவோரம், புறப்படத் தயாராக இருப்பவள் மாதிரி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். லிங்கதுரைதான் மைக்கில், "எங்க மயினி, எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி" என்றான்.

"பி.எஸ்சி." என்றேன். மைக்கில் சத்தமாகக் கேட்டது. கொஞ்சம் சிரிப்பு.

"சார், நானும் ஒரு டெஸ்ட் பண்ணிக்கிடட்டுமா?"

"தாராளமா, மேடம்."

மிஷின் தண்ணீரை ஒரு புது டம்ளரில் எடுத்தேன். இடுப்பிலிருந்து கண்மை டப்பாவை எடுத்து, ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினேன். தூக்கிப் பிடித்துக் காட்டினேன்.

"இதுல அய்யா மிஷின் தண்ணியும் சாப்பாட்டு உப்பும் தவிர வேற எதுவும் இல்ல. தெளிவா இருக்கா?"

இருக்கு என்றார்கள். பாதி டம்ளரைக் குடித்தேன். அத்தைக்கு முன்வரிசை. கண்ணை அகலத் திறந்து என்னைப் பார்த்தார். மீதிப் பாதியில் கம்பியை இறக்கப்போனபோது மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. சிரித்த முகம் மாறாமல் கையை நீட்டித் தடுத்தார்.

"மேடம், உப்புங்கிறது ஒரு அசுத்தம். அதைக் கலந்தா தண்ணி கெட்டுப்போயிடும். டெஸ்ட் தப்பா வரும்."

சத்தியமாக நான் யோசித்துக் கேட்கவில்லை. வேதியியலாகத்தான் கேட்டேன்.

"ஏன் சார், நீங்க சோத்துல உப்புப் போட்டுத்தான சாப்பிடுதீங்க?"

கேட்டு முடித்த பிறகுதான் நான் கேட்டது எனக்கே உறைத்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் விசிலடித்தார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. மேனேஜர் முகம் சிவந்து, "இன்சல்ட் பண்றீங்களா?" என்றார். இல்லை சார், உப்பைப் பற்றித்தான் கேட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? நானும் சொல்லவில்லை. கேட்டது கேட்டதாகவே இருக்கட்டும் என்று கம்பியை இறக்கி ப்ளக்கைச் சொருகினேன்.

பழுப்பானது. மூன்று தெருத் தண்ணீரையும் தோற்கடிக்கிற மாதிரி பழுப்பானது.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பியைக் கழற்றினேன். "இப்பம்தான் இந்தத் தண்ணிய ஒங்க முன்னாடி குடிச்சேன். தெளிவா இருந்துச்சு. இந்தப் பழுப்பு எங்கயிருந்து வந்துச்சு?" என்று கம்பியை முன்வரிசையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் விரலைப் பார்த்தார். "ஏலே, துருல்லா இது" என்றார். மோட்டார் ரிப்பேர் கடைக்காரர் எழுந்து, "கம்பி கரைஞ்சிருக்குய்யா!" என்று கத்தினார். அதற்குப் பிறகு நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இருந்தாலும் ஒன்று சொன்னேன். ஆவுடையக்கா கிணற்றுத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, இந்தக் கம்பிக்கும் தெரியாது, நாளைக்கு நானே ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் கொண்டுபோகிறேன், அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொன்னேன்.

மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார். லிங்கதுரை மட்டும் தனியாக டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். உதவிக்குப் போனேன். "போங்க மயினி" என்றான், நிமிராமல்.

மார்ச் 4, திங்கள்

வீட்டில் யாரும் பேசவில்லை. இவர் மதியமும் கடையிலேயே சாப்பிட்டுவிட்டார். சாப்பிடட்டும். அரக்குப் பட்டை மடித்து அத்தை கட்டிலில் வைத்தேன்.

ஆவுடையக்கா கடைக்குப் போனேன். கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்தேன். அக்கா பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்திருந்தாள். அவிழ்க்கவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை.

"நல்லாத்தான் பேசின. ஆனா அவன் இங்கன வந்து கம்பிய முக்குன அன்னையில இருந்து பத்து நாளா நீ எங்கட்டீ போன?" என்றாள்.

பாட்டிலை மூடினேன். மூடி சரியாகப் பிடிக்கவில்லை. திரும்பவும் மூடினேன்.

"திங்கியா?" என்றாள் கடைசியில். மாவு இல்லை. பழைய சோறும் பச்சை மிளகாயும்தான் இருந்தது. தின்றோம்.

மார்ச் 6, புதன்

காலையில் கூடத்துக்கு வந்தால் தரையெல்லாம் டம்ளர். எல்லாம் பழுப்பு. மிஷின் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், ஒன்றில் மழையில் பிடித்து வைத்த தண்ணீர். நடுவில் லிங்கதுரை, பக்கத்தில் உப்பு ஜாடி. அத்தை பீரோவுக்கு மேலிருந்து அவனே இறக்கியிருக்கிறான்.

"உப்பு போட்டா எல்லாமே கலங்குது, மயினி."

"ம்."

"போடலன்னா மிஷின் தண்ணியும் மழத்தண்ணியும் கலங்கல."

"ம்."

"நான் தெரிஞ்சு செய்யல" என்றான். குரல் உடைந்துவிட்டது. அவனை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக அவன் செய்ததைச் சரி என்று சொல்ல மாட்டேன். இரண்டையும் அவனிடமே சொன்னேன்.

எழுந்து முகம் கழுவினான். கூட்டம் வருகிற நேரத்துக்கு ஆவுடையக்கா கடைக்குப் போய், பெஞ்சின் நடுவில் எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்து இட்லி கேட்டானாம். மூட்டையை அவிழ்த்தால்தான் தட்டு என்றாளாம் அக்கா. இவனே உட்கார்ந்து அவிழ்த்தானாம். பால்காரர் சொன்னார்.

மார்ச் 9, சனி

ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். கடினத் தண்ணீர், உப்பு கொஞ்சம் கூடுதல், கிருமி இல்லை. கொதிக்க வைத்துக் குடிப்பதில் தப்பில்லை. ஆவுடையக்காவிடம் சொன்னேன். "இத லேப்புக்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்" என்றாள். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முன்பு மாதிரி இல்லை. வருவார்கள்.

லிங்கதுரை மிஷினை மதுரைக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். மோட்டார் ரிப்பேர் கடையில் வேலைக்குப் போகிறான்.

உப்பு ஜாடியை அடுப்படியில் அதன் பழைய இடத்திலேயே வைத்தேன். கண்மை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இனி ஒளித்து வைக்கிற வேலை இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தோம். ஒரு கிண்ணத்தில் உப்பை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, சாம்பாரில் எல்லோரும் பார்க்கப் போட்டுப் பிசைந்தேன். அத்தை பார்த்தார். ஒரு வாரமாக என்னோடு பேச்சில்லை, அதனால் அதட்டவும் வழியில்லை. லிங்கதுரை கையை நீட்டினான். இவரும் என்னைப் பாராமல் தட்டை நகர்த்தினார். மாமா மெதுவாக விரலைக் கிண்ணத்தின் பக்கம் கொண்டு வந்தார்.

"ஒங்களுக்கு இல்ல, மாமா. டாக்டர் ஒங்களுக்குத்தான் சொன்னாரு" என்று கிண்ணத்தை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அத்தை இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயை மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை.

"அந்த உப்ப இங்கன தள்ளு" என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நான் தள்ளவில்லை.

"இங்கனதான் இருக்கு, அத்தை. எட்டி எடுத்துக்கிடுங்க."

எட்டி எடுத்துக்கொண்டார்.